கால் ஊன்றாதவன்

அன்று அய்யலூர் சந்தைத் திடலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காதர் பாய் இருந்தார். பேகம்பூர்க்காரர். மைக் செட் அவருடையது. ரிக்கார்டு போடுவதும் அவர்தான், பேசுவதும் அவர்தான்.

லூர்து இருந்தாள். என் பெண்சாதி. வட்டத்துக்கு நடுவில் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள்.

பழனியாண்டி இருந்தான். ஒட்டன்சத்திரம் பக்கத்து வாலிபன். எனக்குச் சோறு நீட்டுவது, துண்டு நீட்டுவது, பொழுது சாய்ந்தால் பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடிப்பது எல்லாம் அவன் வேலை.

கிடா வியாபாரி ஒருவர் இருந்தார். பேர் தெரியாது. வடமதுரை ஆள் என்றார்கள்.

கயிற்றுக்கு வெளியே ஜனம் இருந்தது. கயிற்றுக்கு உள்ளே, சைக்கிள் மேல் நான் இருந்தேன்.

அப்புறம் ஒரு கிடா இருந்தது. கறுப்பு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. சரிந்து விழுவதற்கு முன்னால் நான் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

ஒரே சட்டம்

இந்தத் தொடரை முன் வாரங்களில் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நிற்காமல் சைக்கிள் ஓட்டுவது என் தொழில். திடலில் வட்டமாகக் கயிறு கட்டுவோம். ஏழு நாள், இரவு பகலாக அதற்குள் சுற்றுவேன். சாப்பாடு சைக்கிள் மேல். குளியல் சைக்கிள் மேல். முகம் மழிப்பதும் சைக்கிள் மேல். ஒரு பக்கம் தென்னந்தட்டி மறைப்பு உண்டு. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம்.

சட்டம் ஒன்றுதான். கால் தரையில் படக் கூடாது. பட்டால் ஆட்டம் முடிந்தது. முதல் நாள் பட்டாலும் அப்படித்தான், ஏழாம் நாள் பட்டாலும் அப்படித்தான்.

தொடங்கும்போது முதல் நூறு சுற்றைக் காதர் பாய் மைக்கில் எண்ணுவார். “ஒண்ணு... ரெண்டு...” என்று ஊர் முழுக்கக் கேட்கும். என்னத்தையோ எண்ணுகிறார்களே என்று ஜனம் எட்டிப் பார்க்க வரும். நூறு ஆனதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு ரிக்கார்டு போடுவார். அதற்குப் பிறகு என் பாடு.

முதல் இரண்டு நாள் உடம்பு வலிக்கும். அது ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் தூக்கம் வரும். கண் திறந்திருக்கும், ஆள் உள்ளே இருக்க மாட்டான். வட்டம் நேராகி ரோடு மாதிரித் தெரியும். ஒரு தடவை திடலுக்கு நடுவில் கிணறு ஒன்று கண்டேன். அதில் தண்ணீர் இறைக்கும் சத்தம்கூடக் கேட்டது.

அந்த நேரத்துக்குத்தான் லூர்து. அவள் வைவாள்.

“ஏலே, தூங்குறியா? உன்னைய உங்க ஆத்தா பெத்தாளா, பனங்கொட்டையப் பொதைச்சு மொளைக்க வச்சாளா? செக்குமாடு உன்னைய விட வெரசாச் சுத்தும். மாட்டுக்காச்சும் புண்ணாக்கு போட்டா வெக்கம் வரும்!”

ஜனம் சிரிக்கும். எனக்கு ரோஷம் வரும். ரோஷம் வந்தால் தூக்கம் போகும். மூன்றாம் நாளை நான் தாண்டியதெல்லாம் அப்படித்தான்.

வீட்டில் அவள் அதிர்ந்து பேச மாட்டாள். வாங்க, போங்க என்பாள். குழம்பில் உப்புக் குறைந்தது என்று நான் சொன்னால், உப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். வட்டத்துக்குள் வந்தால் வேறு பொம்பளை. பாதி ஜனம் என்னைப் பார்க்க வந்தது. மீதி ஜனம் அவளைக் கேட்க வந்தது.

கூட்டம் வரும் என்றுதான் நினைத்தோம்

நயா பைசா புதிதாக வந்து, கடைக்காரரும் வாங்குகிறவரும் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம். நல்ல கோடை.

ஏழாம் நாளைச் சந்தை நாளாக வைத்துக்கொண்டால் பெருங்கூட்டம் சேரும் என்று காதர் பாய் சொன்னார். எனக்கும் சரி என்று பட்டது. ஆட்டுச் சந்தைக்கு முந்தின நாள் சாயங்காலமே ஆடு வந்து இறங்கிவிடும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கூட்டத்தை நினைத்தோம். ஆட்டை நினைக்கவில்லை.

ஆறாம் நாள், வெயில் தாழ்ந்த நேரம். மூன்று பக்கமும் ஆடு. புழுதி, மூத்திர நாற்றம், கத்தல். ரிக்கார்டு சத்தம் எனக்கே கேட்கவில்லை. சுட்டிக் கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே வந்தது. வியாபாரி பின்னால் ஓடி வந்தார். கிடா என்னைப் பார்த்தது. வலது பக்கம் போகும் என்று நினைத்து இடது பக்கம் ஒடித்தேன். அதுவும் இடது பக்கமே வந்தது.

சைக்கிள் வேகம் போய் இடது பக்கம் சாய்ந்தது.

இந்த இடத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். சைக்கிள் சாய்ந்தால் யாராக இருந்தாலும் கால் தானாகத் தரைக்குப் போகும். நேற்றுப் பழகியவனுக்கும் போகும். ஊன்றினால் ஒரு சிராய்ப்போடு முடிந்திருக்கும்.

என் கால் போகவில்லை. பெடலிலேயே இருந்தது. நானும் சைக்கிளும் ஒன்றாக விழுந்தோம். இடது கால் அடியில் மாட்டியது. முருங்கைக் கிளை முறிகிற சத்தம் கேட்டது.

புழுதிக்குள் கிடந்துகொண்டு நான் கேட்டது இதுதான்:

“பாய், கால் பட்டுச்சா?”

அவர் ஓடி வந்து குனிந்து பார்த்தார். இடுப்பு தரையில் இருந்தது. முழங்கை தரையில் இருந்தது. தலை தரையில் இருந்தது. பாதம் மட்டும் பெடல் மேல் இருந்தது. அவர் மறுபடி மைக்குக்கு ஓடினார்.

“படலை! மகா ஜனங்களே, கால் படலை!”

ஜனம் கை தட்டியது. லூர்து குடத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். அவள் வையவில்லை. அப்போதுதான் இது பெரிய அடி என்று எனக்குத் தெரிந்தது.

நெருஞ்சி முள்

கால் ஏன் போகவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு வேறு கதை சொல்ல வேண்டும்.

எனக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. காதர் பாய்க்கு அப்போது சைக்கிள் வாடகைக் கடை. அங்கே பஞ்சர் ஒட்டினேன். ஊருக்கு வந்த ஒரு சைக்கிள்காரன் மூன்று நாள் சுற்றினான். நான் அதைப் பார்த்துவிட்டு வந்து, நானும் சுற்றுவேன் என்றேன். பாய் சிரித்தார்.

“சுத்துறது இருக்கட்டும்ப்பா. உனக்கு ஒரு முக்குத் திரும்பக் கால ஊனாமத் திரும்பத் தெரியுமா?”

தெரியவில்லை. எங்கே திரும்பினாலும் கால் ஊன்றினேன். அவர் ஒரு வேலை செய்தார். மேட்டுக்காட்டில் நெருஞ்சி முள்ளைக் கூடையில் அள்ளி வந்து, கடைக்குப் பின்னால் வட்டம் போட்டு, பாதை ஓரமெல்லாம் தூவினார். எனக்குச் செருப்புக் கிடையாது.

முதல் வாரம் இரண்டு காலும் வீங்கிப்போனது. ராத்திரி அம்மா ஊசியால் முள் எடுத்தாள். எடுத்துக்கொண்டே காதர் பாயின் ஏழு தலைமுறையையும் வைதாள். எங்கள் வீட்டுக்கு வந்த பொம்பளைகள் எல்லாருக்குமே வாய் உண்டு.

அப்புறம் கால் கற்றுக்கொண்டது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, முள் சொல்லிக் கொடுத்தது. அதற்குப் பிறகு பத்து வருஷம், சைக்கிள் மேல் இருக்கும்போது என் பாதம் தரையைத் தேடியதே இல்லை.

அய்யலூரில் ஒடிந்ததும் அதனால்தான். பிறகு நடக்க முடியாமல் போனதும் அதனால்தான். முதலாவது எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதை இப்போதுதான் சொல்கிறேன்.

கட்டுக்குள்

மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுபோனார்கள். கட்டு வைத்தியர் முழங்காலுக்குக் கீழே தடவிப் பார்த்தார். இழுத்தார். நான் வாயில் வைத்திருந்த துண்டு கிழிந்தது. முட்டை வெள்ளைக்கருவில் உளுந்த மாவைக் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

“அசையாமக் கெடக்கணும் அப்பு. உனக்கு அதுதான் கஷ்டம்.”

அவர் சொன்னது சரி.

அப்போது நாங்கள் திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே வாசலுக்குள் ஆறேழு குடித்தனம். நடு முற்றத்தில் அடிகுழாய். காற்று வராது. ராத்திரியிலும் சுவர் அனலடிக்கும். கட்டுக்குள்ளே உளுந்த மாவு புளித்து நாறும். எறும்பு வரும்.

லூர்து புகையிலைக் கிட்டங்கிக்குக் காம்பு கிள்ளப் போனாள். காலையில் கஞ்சி வைத்துவிட்டுப் போவாள். பொழுது சாய வருவாள். அவள் வருவதற்கு முன்னால் புகையிலை வாசம் வந்துவிடும். அதை வைத்துத்தான் ஒரு நாள் முடிந்தது என்று தெரிந்துகொள்வேன்.

ஏழு நாள் தூங்காமல் இருக்கத் தெரிந்த எனக்கு, படுத்துக்கொண்டு இருக்கத் தெரியவில்லை. கண்ணை மூடினால் கட்டில் இடது பக்கமாகச் சுற்றும். கட்டுப் போட்ட கால் உள்ளேயே மிதிக்கும். வலிக்கும். நிறுத்து என்பேன், நிற்காது.

சைக்கிளைக் கட்டிலுக்கு எதிரே சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னேன். அதைப் பார்த்தால் மனசு நோகும், வேறு எங்காவது வைக்கலாம் என்றாள் லூர்து.

“நோகட்டும். செயினுக்கு எண்ணெய் போடு.”

“ஓட்டாத சைக்கிளுக்கு எதுக்குங்க எண்ணெய்?”

“ஓட்டப்போற சைக்கிளுக்கு.”

அவள் எண்ணெய் போட்டாள். தாராளமாகப் போட்டாள். சிமிட்டித் தரையில் சொட்டு விழுந்தது. அதற்கும் நான் கத்தினேன். அவள் “சரிங்க” என்று துடைத்தாள்.

அந்தச் “சரிங்க”தான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் எரிந்து விழுந்தால் சரிங்க. கஞ்சியைத் தள்ளினால் சரிங்க. செத்துப்போகப் போகிறவனிடம் பேசுகிற மாதிரிப் பேசினாள். ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன்.

“லூர்து, செத்த நேரம் வையேன்.”

“கட்டுப்போட்டுக் கெடக்குற மனுஷன எப்படிங்க வையிறது?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரிக்கார்டு நின்றது

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் திண்டுக்கல்லிலேயே ஒரு ஓட்டம் நடந்தது. காதர் பாய் நடத்தினார். ஓட்டியது பழனியாண்டி. பாய் முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். சொல்லாமல் செய்கிறவர் இல்லை.

“செட்டு சும்மா கெடந்தா துருப்பிடிக்கும்ப்பா. நீ எந்திரிக்கிற வரைக்கும்தான்.”

“போடுங்க பாய். நல்லா ஓட்டுவான்” என்றேன்.

திடல் தூரமில்லை. கட்டிலில் படுத்தபடியே எல்லாம் கேட்டது. முதல் நூறையும் எண்ணினார். அவர் எண்ண எண்ண, என் கால் மிதித்தது. ரிக்கார்டு பாடியது. மூன்று நாளும் அந்தச் சத்தத்தோடு என் காலும் ஓடியது. பழனியாண்டி இப்போது எந்த இடத்தில் திரும்புவான், எப்போது முதுகு பிடிக்கும், எல்லாம் எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம் ரிக்கார்டு பாதிப் பாட்டில் நின்றது.

கால் ஊன்றிவிட்டான்.

சந்தோஷமா, வருத்தமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் காலும் மிதிப்பதை நிறுத்தியது. அது மட்டும் தெரியும்.

இரண்டு நாள் கழித்து வந்தான். ஆயக்குடிக் கொய்யா ஒரு மஞ்சப்பை நிறைய. வாசலிலேயே நின்றான்.

“ஏனுங்கண்ணா, மூணாம் நாள எப்படிங்க தாண்டுறது?”

“என்ன தெரிஞ்சுச்சு உனக்கு?”

“தண்டவாளமுங்க. ரயிலு எதுக்க வருதுங்க. குதிச்சுட்டனுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பல மாதம் கழித்துச் சிரித்ததில் விலா வலித்தது.

“எனக்குக் கெணறு. பரவாயில்ல, உனக்கு ரயிலு. அது பெரிய ஆளுகளுக்குத்தான் வரும். வையிறதுக்கு ஒரு ஆளு வச்சுக்க.”

கொய்யா நன்றாகப் பழுத்திருந்தது. வளவு முழுக்க வாசம். கடிக்கும்போது தோன்றியது, வாயில் ருசி திரும்பியிருக்கிறது என்று.

கொக்கு

கட்டு அவிழ்த்தார்கள். கால் முருங்கைக்காய் மாதிரி இருந்தது. வைத்தியர் அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

“எலும்பு கூடிருச்சு. இனிமே இது காலு. ஊனி நட.”

சுவரைப் பிடித்து நின்றேன். இடது பாதத்தைக் கீழே கொண்டுபோனேன். தரைக்கு விரற்கடை இருக்கும்போது, சுட்டது மாதிரி மேலே வந்துவிட்டது. மறுபடி இறக்கினேன். மறுபடி மேலே வந்தது.

வலி இல்லை. வலி இருந்தால் எனக்குத் தெரிந்த விஷயம். இது வேறு. நான் சொல்வதைக் கால் கேட்கவில்லை. ஒரு பக்கம், பத்து வருஷம் நெருஞ்சி போட்டுப் படித்த பாடம். இன்னொரு பக்கம், விழுந்த அன்று கேட்ட சத்தம். இரண்டும் சேர்ந்து பூட்டுப் போட்டுவிட்டன. நான் பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரன். அந்தப் பூட்டுக்குச் சாவி தெரியவில்லை.

ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு ஒற்றைக் காலில் வளைய வந்தேன். அடிகுழாயில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் எனக்குக் ‘கொக்கு’ என்று பேர் வைத்தார்கள். “கொக்கு வருது, வழி விடுங்கடி.” கேட்டால் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எனக்கே கொக்கு என்று பட ஆரம்பித்துவிட்டது.

கால் ஒடிந்தால் கட்டுப் போடலாம். ஒடிந்து கூடிய பிறகும் ஒடிந்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தால் யாரிடம் போவது? மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். கால் அப்படியே இருந்தது. ஒற்றைக் காலில் முழங்கால் போட்டதில் வலது முட்டி வீங்கியதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு வைத்தியம் தேடவில்லை. மூன்றாம் நாள் இது என்று வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாளில் ஆள் உள்ளே இருக்க மாட்டான். கால் நம் பேச்சைக் கேட்காது. அதற்காக நிறுத்துகிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் தாண்ட வேண்டுமானால் ஒன்று வேண்டும். அது என் வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்தது.

வாயைக் கேட்டு வந்தவர்

காதர் பாய் ஒரு நாள் சாயங்காலம் வந்தார். என்னிடம் பேசாமல் லூர்துவிடம் பேசினார்.

“தங்கச்சி, ஒரு உதவி. அடுத்த மாசம் பழனியாண்டி மறுபடி ஓட்டுறான். நீ வந்து செத்த வையணும்மா. ஜனம் கேக்குது. ‘அந்தம்மா எங்க பாய்’னு கேக்குறாங்க. பையன் நல்ல பையன். நீ வஞ்சா ஏழு நாளும் ஓட்டிப்புடுவான்.”

அடிகுழாயில் கை நின்றது. எல்லாரும் கேட்டார்கள்.

லூர்து முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“என் மனுஷன வைய எனக்கு வாய் வரும்ண்ணே. ஊரான் பெத்த பிள்ளைய எதுக்கு வையணும்? அவன் எனக்கு என்ன செஞ்சான்?”

“உன் மனுஷன்தான் ஓட்டலையேம்மா.”

பாய் வேண்டுமென்றுதான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் மேலே கையைக் காட்டுவார்.

லூர்து என் பக்கம் திரும்பினாள். அப்புறம் இடுப்பில் முந்தானையைச் செருகினாள். அதைச் செருகுகிற விதத்திலேயே எனக்கு முதுகு நிமிர்ந்தது.

“கேட்டியா? ஓட்டலையாம்! வைத்தியரு கட்டவிழ்த்து எம்புட்டு நாளாச்சு? காலத் தூக்கிக்கிட்டு நிக்கிற, தெருநாய் கம்பத்தப் பாத்த மாதிரி! இதுக்கா நான் புகையிலைக் காம்பு கிள்ளுறேன்? எந்திரி! எண்ணெய் போட்டுப் போட்டுச் செயினே கொழுத்துப்போச்சு. நீ மட்டும் வத்திப்போயிட்ட!”

வளவு சிரித்தது. எனக்குக் காது சுட்டது. எத்தனை மாதம் கழித்து.

“சைக்கிள எடு” என்றேன்.

“நீ எடு! உனக்குக் கை ஒடிஞ்சுச்சா?”

கம்பைப் போட்டேன். சுவரைப் பிடித்தபடி நொண்டி உள்ளே போனேன். ஹேண்டில் பாரைப் பிடித்தேன். இடது பக்கம் நின்று முற்றத்துக்கு உருட்டினேன். சைக்கிள் என் பக்கமாகச் சாய்ந்து வரும். சாய்ந்தால் தாங்க வேண்டும். தாங்க வேண்டுமானால் இடது கால் இறங்க வேண்டும். வேறு வழி வைத்துக்கொள்ளவில்லை.

அடிகுழாயைச் சுற்றி உருட்டினேன். சைக்கிள் சாய்ந்தது. கால் இறங்கியது. பட்டவுடன் மேலே வந்தது. ஆனால் பட்டது.

“என்ன, நெருப்புலயா மிதிச்ச? சிமிட்டிடா அது, சிமிட்டி! எங்கண்ணன் போட்ட சிமிட்டி!” 

அவளுக்கு அண்ணனே கிடையாது. வைகிற வேகத்தில் வருவதுதான்.

தினமும் அவள் கிட்டங்கியிலிருந்து வந்த பிறகு அதே வேலை. புகையிலை வாசம் வந்தால் நான் சைக்கிளை எடுத்துவிடுவேன். அவள் குடத்தோடு அடிகுழாய்ப் பக்கம் நிற்பாள். நான் சுற்றுவேன். சில நாள் கால் கேட்டது. சில நாள் ஒரேயடியாக மறுத்தது. மறுத்த நாளில் கூடுதலாகச் சுற்றினேன். கெண்டைக்கால் வலித்தது. வலியைக் கண்டதும் பழைய ஆளைக் கண்டது போல இருந்தது.

கார்த்திகை வந்தது, போனது. பெண்கள் ‘கொக்கு’ என்பதை விட்டுவிட்டார்கள். “அண்ணே, குழாயடிய மறைக்காமச் சுத்துங்க” என்றார்கள்.

மறுபடி அய்யலூர்

அடுத்த கோடையில் காதர் பாயிடம் போய் ஓட்டம் வைக்கச் சொன்னேன்.

“எங்க?”

“அய்யலூர்.”

“வேணாம்ப்பா. அந்த மண்ணு ராசியில்ல.”

“மண்ணு என்ன பாய் செஞ்சுச்சு? ஆடுதானே செஞ்சுச்சு.”

“அப்பச் சந்தை இல்லாத வாரமாப் பாப்போம்.”

“சந்தை இல்லாத வாரம் ஏதுங்க பாய்?”

அவர் லூர்துவைப் பார்த்தார். “என்ன தங்கச்சி, உன் வீட்டுக்காரனுக்கு ஒடிஞ்சது காலா மண்டையா?”

“ரெண்டும்ண்ணே. காலு கூடிருச்சு.”

அதே திடல். அதே கயிறு. பழனியாண்டிக்கு இந்தத் தடவை ஒரே வேலை. கையில் பெரிய கம்போடு ஆடு பார்ப்பது. ஒரு வெள்ளாட்டங்குட்டி தூரத்தில் கத்தினாலும் ஓடுவான்.

நான் சைக்கிளில் ஏறினேன். பாய் எண்ணினார். நூறு வரைக்கும் என் காலைப் பார்த்தே எண்ணினார். அதற்குப் பிறகு ரிக்கார்டு.

முதல் நாள் கால் வலித்தது. இரண்டாம் நாள் மரத்தது. நான் காலை நினைக்கவில்லை. காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நினைத்தேன். அப்படியென்றால் காலை மட்டும்தான் நினைத்தேன் என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் உச்சி வெயில். கிணறு வந்துவிட்டது. லூர்து வைதுகொண்டிருந்தாள். குளிப்பதற்காகக் குடத்துத் தண்ணீரை அவளே என் மேல் வீசினாள். எப்போதும் செய்வதுதான். தண்ணீர் விழுந்த இடம் களியாகிப்போனது. ஆட்டுக்குக் காவல் போட்டோம். தண்ணீருக்குப் போடவில்லை.

அடுத்த சுற்றில் முன் சக்கரம் வழுக்கியது. சைக்கிள் இடது பக்கம் சாய்ந்தது.

அய்யலூர் மண் மேலே வந்தது. அந்த முருங்கைக் கிளைச் சத்தம், ஒடிவதற்கு முன்னாலேயே கேட்டது.

கால் இறங்கியது.

நான் சொல்லவில்லை. அதுவாக இறங்கியது. என் பாரம், சைக்கிள் பாரம், எல்லாம் இடது கால் மேல். அது மடங்கவில்லை. ஒடியவில்லை. பாதத்துக்கு அடியில் களிமண் குளிர்ச்சியாக இருந்தது. விரலுக்கிடையில் பிதுங்கியது.

நின்றேன்.

பாய் ரிக்கார்டை நிறுத்தினார். ஜனத்தில் யாரோ “அடப் போச்சே” என்றார்கள். பழனியாண்டி கம்போடு ஓடி வந்து, எந்த ஆட்டை அடிப்பது என்று தெரியாமல் நின்றான். நான் குனிந்து பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் அழவில்லை. தலையில் ஊற்றிய தண்ணீர் வழிந்தது.

லூர்து பக்கத்தில் வந்தாள். அவளும் பாதத்தைத்தான் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்.

“வலிக்குதாங்க?”

“இல்ல.”

“நெசமா?”

“நெசமா.”

ஒரு அடி பின்னால் போனாள். முந்தானையைச் செருகினாள்.

“அப்ப என்ன பாக்குற? காலுல பூசணிக்காயா காய்ச்சிருக்கு? ஏறு!”

“லூர்து” என்று பாய் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார். “கால் பட்டுருச்சும்மா. சட்டம்னு ஒண்ணு இருக்கு. ஓட்டம் முடிஞ்சுச்சு.”

நான் சைக்கிளை நிமிர்த்தினேன். இடது காலை ஊன்றி, வலது காலைச் சுழற்றிப் போட்டு ஏறினேன். ஊன்றின கால் ஏறும்வரை தாங்கியது.

“முடிஞ்சது முடிஞ்சுச்சு பாய்” என்றேன். “மொதல்லயிருந்து எண்ணுங்க.”

செயின் சத்தம் மட்டும் கேட்டது. நல்ல எண்ணெய் போட்ட செயின். களியை விலக்கி ஓட்டினேன். தென்னந்தட்டியைத் தாண்டினேன். பழனியாண்டியைத் தாண்டினேன். வட்டம் முடிந்து மைக் மேசைக்கு எதிரே வந்தபோது, காதர் பாய் பொத்தியிருந்த கையை எடுத்தார்.

“ஒண்ணு.”